கொலோசியம் டிக்கெட்டுக்கு 55 யூரோவா?

கேள்வி: பாரிஸில் எங்களுக்கு ஒரே நாள்தான், செவ்வாய்க்கிழமை. லூவ்ர் டிக்கெட்டை வாசலில் எடுத்துக்கொள்ளலாமா? (சேலம்)

பதில்: செவ்வாய் லூவ்ருக்கு விடுமுறை. ஓர்சே அருங்காட்சியகத்துக்குப் போங்கள். அது திங்கள்தான் மூடியிருக்கும்.

கேள்வி: ரோமில் கொலோசியம் பார்க்க, தேடலில் முதலில் வந்த தளத்தில் ஆளுக்கு 55 யூரோ கட்டினேன். நான், கணவர், 15 வயது மகள், 11 வயது மகன். உள்ளே பக்கத்தில் நின்றவர் 18 யூரோதான் கொடுத்ததாகச் சொன்னார். ஏமாந்துவிட்டேனா? (கோவை)

பதில்: ஏமாற்றியிருக்கிறார்கள், அம்மா. சாதாரண டிக்கெட் 18 யூரோதான். பக்கத்திலிருக்கும் பழைய இடிபாடுகளான ரோமன் ஃபோரமும் பாலடைன் குன்றும் அதிலேயே சேர்த்தி. 18 வயது ஆகாத பிள்ளைகளுக்கு, எந்த நாட்டவரானாலும், அங்கே நுழைவு இலவசம். உங்கள் இரண்டு டிக்கெட்டுக்கு 36 யூரோ. நீங்கள் கொடுத்தது 220.

இந்த மறுவிற்பனைக் கூட்டத்தின் மேல் எனக்குப் பல வருடக் கோபம். விற்பனை திறந்த உடனே தானாகவே டிக்கெட் எடுக்கும் கணினி நிரல்களை (bot) வைத்து டிக்கெட்டை அள்ளிவிடுகிறார்கள். நாம் அதிகாரபூர்வத் தளத்துக்குப் போனால் எல்லாம் தீர்ந்திருக்கும். அப்புறம் ஆடியோ, வழிகாட்டி என்று எதையாவது ஒட்டி, அதே டிக்கெட்டை நம் தலையில் கட்டுவார்கள். இதைத் தடுக்க 2023 அக்டோபரில் கொலோசியம் நிர்வாகம் டிக்கெட்டில் பார்வையாளர் பெயரைப் போட ஆரம்பித்தது. 2025 ஏப்ரலில் இத்தாலியின் வணிகப் போட்டி ஆணையம், பல வருடம் அதிகாரபூர்வ விற்பனையை நடத்திவந்த நிறுவனத்துக்கும் ஆறு சுற்றுலா நிறுவனங்களுக்கும் சேர்த்துச் சுமார் 2 கோடி யூரோ அபராதம் விதித்தது. சரி, கூடுதலாகக் கொடுத்த குடும்பங்களுக்கு என்ன கிடைத்தது? அபராதப் பணம் அவர்கள் கைக்கு வராது. அதுதான் எனக்கு ஆறவில்லை.

நானும் வாடிகன் அருங்காட்சியகங்களுக்கு ‘வரிசையே இல்லை’ என்று விற்ற டிக்கெட்டை ஒரு முகவரிடம் இரட்டை விலைக்கு வாங்கியவன். மதில் ஓரமாக வெயிலில் முக்கால் மணி நேரம் நின்றேன். அது பாதுகாப்புச் சோதனை வரிசை. எந்த டிக்கெட் வைத்திருந்தாலும் சோதனையைக் கடந்தே ஆகவேண்டும். தப்பிக்க முடிவது கவுன்ட்டர் வரிசையிலிருந்து மட்டும்தான். அதற்கு அதிகாரபூர்வத் தளத்தின் சாதாரண டிக்கெட்டே போதும்.

பிள்ளைகளுக்குக் கட்டிய 110 யூரோவை எழுத்து மூலம் திருப்பிக் கேளுங்கள். அந்தத் தளம் ‘அதிகாரபூர்வம்’ என்று போட்டிருந்தால் பக்கத்தைப் படம் பிடித்துவைத்து, வங்கியில் சார்ஜ்பேக் (கார்டில் கட்டிய பணத்தை வங்கி மூலம் திரும்பப் பெறுவது) கேளுங்கள்.

கேள்வி: அங்கோர் வாட் போகிறேன். விடுதியில் ஒருவர் தன் மூன்று நாள் பாஸில் மீதமிருந்த ஒரு நாளை 15 டாலருக்குக் கொடுத்தார். செல்லுமா? (திருச்சி)

பதில்: செல்லாது. பாஸில் அவருடைய முகம் அச்சாகியிருக்கிறது. காசை நீட்டும் முன் ஒரு தடவை பார்த்திருக்கக் கூடாதா? ஒரு நாள் பாஸ் 37 டாலர், மூன்று நாள் பாஸ் 62. மூன்று நாளையும் தொடர்ச்சியாகப் போக வேண்டியதில்லை, 10 நாளுக்குள் போனால் போதும். உங்கள் பெயரில் புதிதாக எடுங்கள்.

கேள்வி: லண்டன் சுற்றுலாவில் ‘பிரிட்டிஷ் மியூசியம் நுழைவுக் கட்டணம்’ என்று என் அம்மாவிடம் முகவர் 2,400 ரூபாய் வாங்கியிருக்கிறார். அங்கே இலவசம் என்கிறார்களே? (மதுரை)

பதில்: இலவசம்தான். சிறப்புக் கண்காட்சிகளுக்குத்தான் டிக்கெட். வாசலில் இருக்கும் நன்கொடைப் பெட்டியும் கட்டாயமில்லை. வயதானவரிடம் இப்படி வாங்கியிருப்பதைச் சும்மா விடாதீர்கள். பில்லில் ‘நுழைவு’ என்று எழுதியிருக்கிறதா, ‘வழிகாட்டியுடன்’ என்று இருக்கிறதா பாருங்கள். ‘நுழைவு’ என்றால் உங்கள் பக்கம் பலமாக இருக்கிறது. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதியுங்கள். அதில் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அம்மா வசிக்கும் மதுரையிலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. பில்லின் அசலை முகவர் கையில் கொடுத்துவிடாதீர்கள், நகல் போதும்.