மின்வேதி வினையால் நானோ தொடுமுனையின் மின்கடத்தல் ஏன் படிப்படியாக மாறுகிறது?

இரண்டு உலோக முனைகள் சில அணுக்களே அகலமுள்ள ஒரு கழுத்தால் இணைந்திருந்தால், அதை நானோ தொடுமுனை என்கிறோம். அதை உலோக உப்புக் கரைசலில் வைத்து மின்னழுத்தத்தை ஒரு திசையில் மாற்றினால், கரைசலின் அயனிகள் எலக்ட்ரான்களைப் பெற்று அணுக்களாகக் கழுத்தில் படியும். மறுதிசையில் மாற்றினால் கழுத்தின் அணுக்கள் கரைந்துபோகும்.

சாதாரணக் கம்பியில் இதனால் மின்கடத்துதிறன் சீராகக் கூடும் அல்லது குறையும். இங்கே அது தாவித் தாவி மாறுகிறது. கழுத்தின் அகலம் எலக்ட்ரானின் அலைநீளத்தோடு (தங்கத்தில் ஏறத்தாழ 0.5 நானோமீட்டர்) ஒப்பிடத்தக்க அளவுக்குச் சுருங்கிவிடுவதால், எண்ணிச் சொல்லத்தக்க சில தடங்களில் மட்டுமே எலக்ட்ரான்கள் கடக்க முடிகிறது. முழுமையாகத் திறந்த ஒவ்வொரு தடத்தின் கடத்துதிறனும் சுமார் 77.5 மைக்ரோசீமென்ஸ், அதாவது மின்தடை சுமார் 12.9 கிலோஓம். ஓர் அணு அகலமுள்ள தங்கத் தொடுமுனை பெரும்பாலும் இந்த மதிப்பையே காட்டும்.

சித்திரைத் திருவிழாவில் மதுரை மீனாட்சியம்மன் கோயில் வாசலில் கட்டைகள் கட்டி வரிசை பிரிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். கட்டையை நான்கு விரல் நகர்த்தினால் புதிய வரிசை பிறக்காது. ஓர் ஆள் நுழையும் இடம் கிடைத்த பிறகே பிறக்கும். வரிசைக்குள் ஒருவர் குறுக்கே நின்றால் அது தடைப்படும். அதுபோலவே, அணு எதுவும் படியாமல், கரையாமல் இருக்கும்போதும், சில அயனிகளோ மூலக்கூறுகளோ கழுத்தின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டால் எலக்ட்ரான்கள் சிதறிக் கடத்துதிறன் சற்றுக் குறைகிறது. இத்துறையில் மிகவும் வியப்புக்குரியது இந்த விளைவே என்பது என் கருத்து; தொடுமுனையை நுண்ணிய உணரியாகப் பயன்படுத்தும் முயற்சிகளுக்கு அடிப்படையும் இதுதான்.

அளவியில் தெரிவது கரைசல் வழியே பாயும் மின்னோட்டம் எனப் பலர் எண்ணுகிறார்கள். ஆனால் தொடும் இடம் தவிர மற்றப் பகுதி மின்காப்புப் பூச்சால் மூடப்படுவதால் அயனியோட்டம் மிகச் சொற்பமாகி, உலோகக் கழுத்தைக் கடக்கும் எலக்ட்ரான்களின் ஓட்டமே அளக்கப்படுகிறது.