நாற்பது பேரின் பதிலை வைத்துக் கொள்முதலை மாற்றலாமா?

கலப்பில்லாத காப்பித்தூளின் கொள்முதலை இப்போதைக்குக் குறைக்காதீர்கள். கும்பகோணத்தில் உள்ள உங்கள் கடையில் ஒரு சனிக்கிழமை மாலை 40 பேரிடம் கேட்டதில் 26 பேர் சிக்கரி கலந்த தூளையே வாங்குவதாகச் சொன்னதை வைத்து, வாடிக்கையாளர் அனைவரிலும் 65 சதவீதத்தினர் அப்படித்தான் என்று கொள்ள முடியாது. அந்த 40 பேரும் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தால்கூட, 95 சதவீத நம்பிக்கை இடைவெளி, அதாவது உண்மையான விகிதம் இருக்கக்கூடும் என்று கணக்கிடும் எல்லை, ஏறத்தாழ 50 முதல் 80 சதவீதம் வரை விரிகிறது.

இதைவிடப் பெரிய பிழை, நீங்கள் தேர்ந்தெடுத்த நாளில் இருக்கக்கூடும். சனிக்கிழமைகளில் திருநள்ளாறு உள்ளிட்ட நவக்கிரகத் தலங்களுக்கு வரும் வெளியூர்க்காரர்கள் அதிகம். ஊர் திரும்பும்போது ஒரு பொட்டலம் வாங்கிச் செல்பவரையும், மாதம் தவறாமல் வரும் உள்ளூர்க் குடும்பத்தையும் ஒரே கணக்கில் சேர்த்தால் எந்தத் தரப்பின் பழக்கமும் தெரியாது.

சரிபார்க்க, சென்ற மாத பில்களை எடுத்து, முதல் 20 பில்களில் ஒன்றைக் குலுக்கிப் போட்டுத் தேர்ந்துகொண்டு, அங்கிருந்து ஒவ்வொரு 20ஆவது பில்லையும் குறித்து வாருங்கள். வாய்ச்சொல்லைவிட பில் நம்பகமானது. 160 பில்கள் கிடைத்தால் பிழை வரம்பு, அதாவது கணக்கு இருபுறமும் விலகக்கூடிய அளவு, 40 பேருக்கு இருந்த சுமார் 15 சதவீதப் புள்ளிகளில் பாதியாகி, ஏறத்தாழ 7 புள்ளிகளுக்கு இறங்கிவிடும். ஆட்களை எண்ணுவதோடு நிறுத்தாமல் எடையையும் கூட்டுங்கள். ஒரு கிலோ வாங்கும் மெஸ்காரர் ஒருவர், நூறு கிராம் வாங்கும் பத்துப் பேருக்குச் சமம்.

சம்பா அறுவடைப் பணம் புழங்கும் தை, மாசி மாதங்களில் எடுத்த மாதிரி ஆடிக்கும் பொருந்தும் என்று கருத வேண்டாம். அப்போது மறுபடியும் எடுத்துப் பாருங்கள்.