மான்டிஸ் இறால் வளர்க்கலாமா? கேள்வி பதில்

மான்டிஸ் இறால் என்பது முன்கையால் இரையைத் தாக்கிப் பிடிக்கும் கடல் உயிரி. ஓங்கிக் குத்தி நத்தை ஓட்டையே உடைக்கும் வகைகளும் உண்டு. அதை உப்புநீர்த் தொட்டியில் வளர்ப்பது பற்றிக் கேட்டவர்களுக்கு ஒரே இடத்தில் பதில் சொல்லிவிடுகிறேன். ஒரே விஷயத்தைக் கேட்டிருந்தவர்களைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி (கோவை): அண்ணா, இது கண்ணாடியையே உடைத்துவிடுமாமே?

பத்தில் எட்டுப் பேர் முதலில் கேட்பது இதைத்தான். உடைத்தது உண்டு. 1998-ல் இங்கிலாந்தின் கிரேட் யார்மத் நகரக் கடல்வாழ் காட்சியகத்தில் டைசன் என்று பெயர் வைத்திருந்த ஒன்று கால் அங்குலக் கண்ணாடியை உடைத்துப் பத்திரிகைச் செய்தியானது. 2004-ல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மயில் மான்டிஸ் என்ற பெரிய, வண்ணமயமான வகையின் குத்தை அதிவேகக் கேமராவில் பிடித்து அளந்தார்கள்: நொடிக்கு 23 மீட்டர் வரை. அந்த வேகத்தில் நீரில் உண்டாகும் குமிழிகள் நொறுங்கும்போது, குத்து வாங்கிய நத்தைக்கு இரண்டாவது அடியும் விழுகிறது.

ஆனால் வீட்டுத் தொட்டியில் இது அரிது. ஐந்து, ஏழு சென்டிமீட்டர் வளரும் சிறிய வகைகளுக்குச் சாதாரணக் கண்ணாடி போதும். மயில் மான்டிஸ் 18 சென்டிமீட்டர் வரை போகும், அதற்கு அக்ரிலிக் தொட்டி நல்லது. கண்ணாடிதான் என்றால் மணலுக்கு அடியில் ஒரு அக்ரிலிக் தகடு போட்டுவிடுங்கள். பள்ளம் தோண்டும்போது அடி விழுவது பெரும்பாலும் தரையில்தான்.

கேள்வி (சிங்கப்பூர்): முதல்முறை வளர்க்கிறேன். மயில் மான்டிஸ் வாங்கலாமா?

அழகுக்கு ஆசைப்பட்டுத்தான் எல்லோரும் அதை வாங்குகிறார்கள். என் கருத்து: முதலில் வேண்டாம். அதற்கு ஓடு அரிக்கும் நோய் வரும், முற்றினால் மீட்பது கடினம். பளீரென்ற விளக்கும் அசுத்த நீரும் அதைத் தூண்டும் என்பது பழகியவர்கள் பலரின் அனுபவம். ஓங்கிக் குத்தி உடைக்கும் வகைகளில் சிறியது ஏதாவது ஒன்றில் தொடங்குங்கள். அதற்கு 40 லிட்டர் தொட்டி போதும். மயிலுக்கு 120 லிட்டருக்குக் குறையக் கூடாது.

கேள்வி (மதுரை): பாறை அடுக்கி வைத்திருக்கிறேன், அதுவே பொந்துக்குப் போதுமா சார்?

போதாது. தொட்டியில் நீங்கள் உண்மையில் கவலைப்பட வேண்டியது இந்தப் பொந்துதான். பொந்து சரியில்லாத மான்டிஸ் இரவெல்லாம் மணலைக் கிளறிக்கொண்டே இருக்கும், இரை எடுக்காது, நிறம் மங்கும்.

பி.வி.சி. குழாயை இரண்டு எல்போ (வளைவு இணைப்பு) போட்டு 'ப' வடிவத்தில் திருப்பி, இரண்டு வாயும் மேலே தெரியும்படி மணலில் புதையுங்கள். நீளம் அதன் உடம்பைப் போல் இரண்டு மடங்காவது இருக்கட்டும். அகலம், உள்ளேயே வளைந்து திரும்பும் அளவுக்கு மட்டும். அதிகம் விட்டால் குடியேறாது. உள்ளே இருட்டாக இருக்க வேண்டும். பக்கத்தில் கைப்பிடி அளவு உடைந்த சிப்பியும் சிறு கற்களும் போடுங்கள். ஒவ்வொரு கல்லாகத் தூக்கிவந்து, வைத்துப் பார்த்து, பிடிக்காவிட்டால் எடுத்து எறிந்து, வாசலைத் தன் அளவுக்குக் குறுக்கிக்கொள்ளும். அதைப் பார்க்கவே வளர்க்கலாம்.

கேள்வி (சென்னை): பத்து நாளாக வாசலை அடைத்துக்கொண்டு சாப்பிடவே இல்லை. இன்று வெளியே செத்துக் கிடக்கிறது.

தம்பி, அதைத் தூக்கிப் போடுவதற்கு முன் உற்றுப் பாருங்கள். உள்ளே சதை இல்லாமல், கண்ணும் காலும் வரை வெறும் கூடாக இருந்தால் அது கழற்றிப் போட்ட ஓடு. ஆள் உள்ளே பத்திரமாக இருப்பார். குழாயைத் தூக்காதீர்கள், டார்ச் அடிக்காதீர்கள், பாறையை நகர்த்தாதீர்கள். புது ஓடு இறுகச் சில நாள் ஆகும், அதுவரை குத்தவும் முடியாது. அப்போதும் எதிரி வந்தால் கைகளை விரித்துச் சண்டைக்கு நிற்பதுபோல் காட்டும். வெறும் உதார்தான்! தானாக வெளியே வந்ததும் சிறு இறால் துண்டு கொடுங்கள்.

கேள்வி (சென்னை): மே மாதத்தில் தண்ணீர் 31 டிகிரி ஆகிறது. தாங்குமா?

தாங்காது என்று வைத்துக்கொள்ளுங்கள். 24 முதல் 27 டிகிரிக்குள் வையுங்கள். மேலே ஃபேன் வைத்தால் இரண்டு மூன்று டிகிரி குறையும், ஆனால் நீர் ஆவியாகி உப்பு ஏறும். குறைந்த அளவை ஆர்.ஓ. நீரால் நிரப்புங்கள், உப்புநீரை ஊற்றாதீர்கள். தொட்டி உப்புநீரின் அடர்த்தி 1.025 அருகில் நிற்கட்டும். வெயில் காலம் முழுக்க என்றால் சில்லர் (நீரைக் குளிர்விக்கும் கருவி) வாங்கித்தான் ஆக வேண்டும். செலவுதான்.

கேள்வி (திருவொற்றியூர்): காசிமேட்டில் வலையில் நிறைய வருகிறதே, பிடித்து வளர்க்கலாமா?

நம் கரையில் இழுவலையில் வருவது பெரும்பாலும் நேபா வகை. ஓங்கி அடித்து ஓட்டை உடைக்காது, முள் உள்ள கையால் இரையைக் கோத்துத் தூக்கும். சேற்றுத் தரையில் ஆழமாகப் பொந்து தோண்டி வாழ்வது. வலையில் நசுங்கி ஏறியது பிழைப்பது அபூர்வம், பிழைத்தாலும் நம் மணல் அதற்குப் போதாது. விடுங்கள்.

கேள்வி (ஈரோடு): கூட ஒரு கிளவுன் மீன் விடலாமா?

மான்டிஸுக்குச் சாப்பாடு போட விரும்பினால் விடலாம்.

கேள்வி (யாழ்ப்பாணம்): என் பவளத் தொட்டியில் இரவில் டக் டக் என்று சத்தம், நத்தைகள் குறைகின்றன. மான்டிஸா?

பிஸ்டல் இறால் என்ற வேறொரு இறாலும் அப்படித்தான் சத்தம் போடும். நத்தை ஓடு துண்டு துண்டாக உடைந்து கிடந்தால் மான்டிஸை நம்பலாம். கையை விடாதீர்கள். அது ஒளிந்திருக்கும் கல்லை அப்படியே வாளிக்கு மாற்றி, பொந்துக்குள் குடிக்கும் சோடாவைச் சிரிஞ்சில் அடியுங்கள், வெளியே வந்துவிடும். உடனே சுத்தமான உப்புநீருக்கு மாற்றுங்கள். கொல்ல வேண்டாம், பழைய சிறு தொட்டி இருந்தால் அதில் விடுங்கள். ஒன்று மட்டும்: அந்தத் தொட்டியில் எப்போதாவது மீன்களின் வெண்புள்ளி நோய்க்குச் செம்பு மருந்து போட்டிருந்தால் வேண்டாம். சிலிக்கனிலும் கல்லிலும் தங்கிய செம்பு மெல்லக் கசியும், ஓட்டுயிர்கள் அதைத் தாங்காது. வேறு தொட்டி பாருங்கள்.