குளச்சல் வீட்டில் டர்ன்டேபிளுக்கு (இசைத்தட்டு சுழற்றும் கருவி) எந்த கேபிள் வாங்குவது? ‘ம்ம்’ இரைச்சலுக்கு விலை கூடிய கேபிள் தீர்வா?

இரைச்சலுக்கு முதலில் கேபிளைக் குறை சொல்லாதீர்கள். டர்ன்டேபிளிலிருந்து தனியாக வரும் மெல்லிய எர்த் வயர், ஃபோனோ ப்ரீஆம்பின் (ஊசியின் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் கருவி) திருகில் இறுக்கமாக மாட்டியிருக்கிறதா பாருங்கள். பெரும்பாலும் கோளாறு அங்கேதான். கரண்ட் வயரோடு சேர்த்துக் கட்டியிருந்தால் அதையும் பிரித்துவிடுங்கள்.

சரி, கேபிளுக்கு வருவோம். எம்எம் (நகரும் காந்த வகை) கார்ட்ரிட்ஜ், அதாவது ஊசி பொருத்திய தலைப்பகுதி, தருவது சுமார் 3 முதல் 5 மில்லிவோல்ட்தான். அதனால் ஷீல்டு (வெளி இரைச்சலைத் தடுக்கும் உறை) நன்றாக உள்ள ஆர்சிஏ கேபிள் வேண்டும். அதைவிட முக்கியம் கெபாசிட்டன்ஸ், அதாவது மின்னூட்டத்தைத் தேக்கும் அளவு. கார்ட்ரிட்ஜ் தாளில் 100–200 பைக்கோஃபாரட் என்று போட்டிருந்தால், டோன்ஆர்ம் (ஊசியைத் தாங்கும் கை) வயர், கேபிள், ப்ரீஆம்ப் மூன்றும் சேர்ந்தே அதற்குள் அடங்க வேண்டும். மீட்டருக்கு 100 பைக்கோஃபாரடுக்குக் குறைவான கேபிளாக, ஒரு மீட்டர் போதும். கூடிப்போனால் வயலின் கீச்சென்று கேட்கும். எம்சி (நகரும் சுருள் வகை) கார்ட்ரிட்ஜ் என்றால் இந்தக் கவலை குறைவு. ப்ரீஆம்ப் டர்ன்டேபிளுக்குள்ளேயே இருந்தால் சாதாரண கேபிளே தாராளம்.

பல ஆயிரம் ரூபாய் கேபிளா? அந்தக் காசுக்குப் புது ஊசி வாங்குவேன் நான்.

ஆனால் தங்கப்பூச்சு பிளக் நம் கடலோரத்தில் ஆடம்பரமல்ல. உப்புக்காற்றில் மற்றவை சீக்கிரம் கருத்துவிடும். அவ்வப்போது ஆம்பை அணைத்துவிட்டு, பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டுங்கள்.