மூன்றே மூன்று போதும்

கேள்வி: இன்சுலினில் 51 அமினோ அமிலங்கள். அதற்கு உடலில் வேலை இருக்கிறது, சரி. இரண்டு மூன்று அமினோ அமிலங்கள் ஒட்டிக் கிடப்பதையும் பெரிதாகப் பேசுகிறீர்களே, அவை புரதம் செரித்து மிஞ்சிய துணுக்குகள்தானே? (ஒரு வாசகர், நாமக்கல்)

பதில்: இல்லை. உங்கள் தைராய்டு சுரப்பியை வேலை வாங்குவது மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி. அந்தப் பிட்யூட்டரிக்கு உத்தரவு போடுவது, மூளையின் ஒரு பகுதியான ஹைபோதலாமஸில் சுரக்கும் டி.ஆர்.எச். என்ற ஹார்மோன். அதில் இருப்பது மூன்றே அமினோ அமிலங்கள்.

அதைப் பிடிக்க அமெரிக்காவில் இரண்டு குழுக்கள் பல வருடம் பாடுபட்டன. ரோஜர் கியமன் குழு செம்மறியாட்டு மூளைகளையும், ஆண்ட்ரூ ஷாலி குழு பன்றி மூளைகளையும் இறைச்சிக்கூடங்களிலிருந்து லட்சக்கணக்கில் வாங்கி, ஹைபோதலாமஸை மட்டும் வெட்டியெடுத்து அரைத்து வடித்தன. கடைசியில் கிடைத்தது மில்லிகிராம் கணக்கில்தான். குளுட்டாமிக் அமிலம், ஹிஸ்டிடின், புரோலின் மூன்றும் சம அளவில் இருப்பது தெரிந்தது. மூன்றை ஆறு விதமாக வரிசைப்படுத்தலாம். ஆறையும் செய்து பார்த்தார்கள். ஒன்றும் வேலை செய்யவில்லை! அப்புறம்தான் புரிந்தது, சங்கிலியின் இரண்டு முனைகளும் மூடியிருக்க வேண்டும் என்று. ஒரு முனையில் குளுட்டாமிக் அமிலம் தன்னையே வளையமாக மடித்துக்கொள்கிறது. மறு முனையை மூடுவது அமைடு என்ற சிறு நைட்ரஜன் தொகுதி. 1969இல் இது உறுதியானது, 1977இல் இருவருக்கும் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. இத்தனை சின்ன மூலக்கூறில் முனையை மூடுவதுகூட இவ்வளவு முக்கியம் என்பது இன்றும் என்னை வியக்க வைக்கிறது.

குடலில் புரதம் செரிக்கும்போது இப்படிச் சிறு துண்டுகள் வருவது உண்மைதான். ஆனால் டி.ஆர்.எச். அப்படி வந்ததல்ல. நரம்பணு 242 அமினோ அமிலம் கொண்ட ஒரு முன்னோடிப் புரதத்தைக் கட்டுகிறது. மனிதரில் அதற்குள் டி.ஆர்.எச். ஆறு முறை எழுதப்பட்டிருக்கிறது. அதை அளந்து வெட்டி எடுக்கிறது. இதை மிச்சம் என்பது அநியாயம்.

இரண்டே அமினோ அமிலம் கொண்டதும் உண்டு. டைரோசினும் ஆர்ஜினினும் சேர்ந்த கியோட்டார்ஃபினை 1979இல் ஜப்பானின் கியோட்டோவில் மாட்டு மூளையிலிருந்து பிரித்தார்கள். அது வலியைக் குறைக்கிறது.

குளுட்டாதயோனும் மூன்று அமினோ அமிலம்தான். அது எந்தப் புரதத்திலிருந்தும் வெட்டப்படுவதில்லை. இரண்டு நொதிகள் அதற்கென்றே இருந்து அதைக் கோக்கின்றன. பாராசிட்டமால் மாத்திரையை அளவுக்கு மீறி விழுங்கியவருக்கு, அதிலிருந்து உண்டாகும் நச்சை அடக்கி அடக்கியே கல்லீரலில் இது தீர்ந்துபோகிறது. தீர்ந்த பிறகு கல்லீரல் செல்கள் சாகத் தொடங்குகின்றன. மருத்துவமனையில் உடனே கொடுக்கும் என்-அசிட்டைல்சிஸ்டீன், குளுட்டாதயோனைத் திரும்பச் செய்துகொள்ளத்தான்.