குளூட்டன் இல்லாத கோடை விருந்து: எதற்குச் செலவிடலாம், எதற்கு வேண்டியதில்லை?

கேள்வி: கோடை விடுமுறையில் திறந்த வெளியில் கிரில் அடுப்பு வைத்து, சுமார் இருபது பேருக்கு விருந்து கொடுக்க இருக்கிறோம். வருபவர்களில் இருவருக்கு, குளூட்டன் சாப்பிட்டால் சிறுகுடல் புண்ணாகும் சீலியாக் நோய் உண்டு. ‘குளூட்டன் இல்லாதது’ என்று அச்சிட்ட பொருள்களின் விலை மிக அதிகமாக இருக்கிறது. எல்லாவற்றையும் அப்படித்தான் வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. குளூட்டன் என்பது கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் இருக்கும் புரதம். எதுவும் சேர்க்காத இறைச்சி, மீன், முட்டை, காய்கறி, பழம், உருளைக்கிழங்கு, மக்காச்சோளம், அரிசி ஆகியவற்றில் அது இயல்பாகவே கிடையாது. எனவே விருந்தின் பெரும்பகுதியை இவற்றைக் கொண்டே அமைத்துவிட்டால், இருபது பேரும் ஒரே உணவைச் சாப்பிடலாம். அந்த இருவரும் தனித் தட்டோடு ஒதுங்கி உட்கார வேண்டியிருக்காது. கூடுதல் விலை கொடுத்துச் சான்று பெற்ற பொருளாக வாங்க வேண்டியவை பன், மாவு, ஓட்ஸ் போன்ற சிலவே. அரிசி மாவிலும் சோள மாவிலும் குளூட்டன் இல்லை என்றாலும், கோதுமை அரைத்த ஆலையிலேயே அவற்றையும் அரைத்தால் கலப்பு நேர்ந்துவிடும். ஓட்ஸுக்கும் வயலிலும் ஆலையிலும் இதே ஆபத்து உண்டு.

கேள்வி: உறையில் ‘கோதுமை இல்லை’ என்று போட்டிருந்தால் போதுமா? ‘குளூட்டன் இல்லாதது’ என்ற வாசகத்தை எந்த அளவுக்கு நம்பலாம்?

பதில்: இரண்டும் ஒன்றல்ல. கோதுமை சேர்க்காத பொருளில் பார்லியில் இருந்து எடுத்த மால்ட் இருக்கலாம். அமெரிக்க ஒவ்வாமைச் சட்டம் கோதுமையைத்தான் பெயர் சொல்லிக் குறிப்பிடச் சொல்கிறது, பார்லியை அல்ல. ஐரோப்பிய ஒன்றியத்திலோ குளூட்டன் உள்ள எல்லாத் தானியங்களையும் சேர்மானப் பட்டியலில் எடுப்பாகக் காட்ட வேண்டும். ஆகவே ஒவ்வாமை எச்சரிக்கையை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தாமல், முழுப் பட்டியலையும் படிப்பதே சரி.

‘குளூட்டன் இல்லாதது’ என்ற வாசகத்துக்குப் பல நாடுகளில் சட்ட வரையறை இருக்கிறது. கோடெக்ஸ் என்னும் பன்னாட்டு உணவுத் தரநிலையின்படி, ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது. அமெரிக்கா, ஐரோப்பிய ஒன்றியம், இந்தியா ஆகியவையும் 20 என்ற அளவையே கொண்டிருக்கின்றன. சாதாரண கோதுமை ரொட்டியின் ஒரே துண்டில் ஏறத்தாழ 2 கிராம், அதாவது 2,000 மில்லிகிராம் குளூட்டன் இருக்கிறது என்பதோடு ஒப்பிட்டால், ஒரு சிட்டிகை ரொட்டித் துகளுக்குக்கூட இவ்வளவு பயப்பட வேண்டிய காரணம் புரியும். சீலியாக் நோய்க்கு, வாழ்நாள் முழுவதும் குளூட்டனைத் தவிர்ப்பதே சிகிச்சை. ‘ஒரு நாள்தானே, கொஞ்சம் சாப்பிட்டால் என்ன’ என்று அன்போடு வற்புறுத்துவதும் அவர்களுடைய சிறுகுடலைப் புண்ணாக்கும்.

கேள்வி: சாஸ், சாசேஜ், மசாலா தடவிய இறைச்சி ஆகியவற்றை வாங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: ஏமாறுவதற்கு அதிக வாய்ப்புள்ள இடம் இதுதான். சோயா சாஸைப் பெரும்பாலும் சோயாவோடு கோதுமையும் சேர்த்தே நொதிக்க வைக்கிறார்கள். அதைக் கலந்து செய்த பார்பிக்யூ சாஸிலும் இறைச்சி ஊறவைக்கும் கலவையிலும் அந்தக் கோதுமை வந்துவிடுகிறது. மால்ட் வினிகர் பார்லியில் செய்தது. சாசேஜிலும் பர்கருக்கான இறைச்சி வில்லைகளிலும் உதிராமல் பிடித்துக்கொள்வதற்காக ரொட்டித்தூள் சேர்ப்பது வழக்கம். இறைச்சி இல்லாத சைவ வில்லைகள் பாதுகாப்பானவை என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். உண்மையில் அவற்றில் சில, கோதுமைப் புரதத்தையே முதன்மைப் பொருளாகக் கொண்டவை. உறைந்த உருளைக்கிழங்கு வறுவல்கள் சிலவற்றின் மேல், மொறுமொறுப்புக்காகக் கோதுமை மாவு பூசியிருப்பார்கள்.

என் பரிந்துரை, எதுவும் தடவாத இறைச்சியை வாங்கி, எண்ணெய், எலுமிச்சைச் சாறு, பூண்டு, உப்பு, மிளகு சேர்த்து நீங்களே ஊறவைப்பதுதான். செலவும் குறையும், பட்டியலைப் படிக்கும் வேலையும் மிச்சமாகும். வாங்கியே ஆக வேண்டிய சாஸுக்கு, நீங்கள் வழக்கமாக வாங்கும் நிறுவனத்தின் பொருளாக இருந்தாலும், ஒவ்வொரு முறையும் சேர்மானப் பட்டியலைப் புதிதாகப் படியுங்கள். உறை மாறாமலே சேர்மானம் மாறுவதுண்டு. புட்டிகளையும் உறைகளையும் விருந்து முடியும்வரை எறியாமல் வைத்திருங்கள். விருந்தினர் தாங்களே படித்துப் பார்க்க விரும்பலாம். அதைச் சந்தேகமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

கேள்வி: எங்களிடம் இருப்பது பழைய கிரில் அடுப்பு. நெருப்பில் குளூட்டன் அழிந்துவிடாதா? புதியது வாங்க வேண்டுமா?

பதில்: சமையல் சூட்டை நம்பிக் குளூட்டன் போய்விட்டது என்று கொள்ள முடியாது. சென்ற முறை பன் வாட்டியபோது உதிர்ந்த துகளும், கம்பியில் கருகி ஒட்டிய சாஸும் அடுத்த உணவில் ஒட்டும். அவற்றைத் தேய்த்த பழைய கம்பித் தூரிகையும் அப்படியே. ஆனாலும் புது அடுப்பு வேண்டாம். புதுத் தூரிகையால் கம்பிகளை நன்றாகத் தேய்த்துக் கழுவி, அவற்றின் மேல் கனமான அலுமினியத் தாளை இரண்டு மடிப்பாக விரித்துவிட்டால் போதும். குளூட்டன் இல்லாத உணவை முதலில் சமைத்து, மூடி எடுத்து வைத்துவிட்டு, பிறகு மற்றதைத் தொடங்குங்கள். இடுக்கியும் கரண்டியும் தனியாக இருக்க வேண்டும். விரிசல் விட்ட பழைய மரக்கரண்டி வேண்டாம்.

அடுப்பைவிடப் பரிமாறும் மேசையில்தான் தவறு எளிதில் நடக்கிறது. ஒருவர் கோதுமைப் பன்னில் வெண்ணெய் தடவுகிறார். போதவில்லை என்று அதே கத்தியை மறுபடி கிண்ணத்தில் விடுகிறார். அந்தக் கிண்ணம் முழுவதும் அந்த இருவருக்கும் ஆகாததாகிவிடுகிறது. மயோனைஸ், கடுகுச் சாஸ் போன்றவற்றைப் பிழிந்து ஊற்றும் புட்டிகளில் வாங்கினால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும். எல்லோருக்குமே குளூட்டன் இல்லாத பன் வாங்க முடிந்தால் இன்னும் நல்லது. முடியாவிட்டால், கோதுமைப் பன்னை எதிர்க் கோடியில் தனி மேசையில் வையுங்கள்.

கேள்வி: குடிப்பதற்கும் இனிப்புக்கும் என்ன வாங்கலாம்?

பதில்: பழச்சாறும் ஒயினும் பொதுவாகச் சிக்கல் தருவதில்லை, சாதாரண பீர் பார்லியில் செய்தது என்பதால் கூடாது. ‘குளூட்டன் நீக்கியது’ என்ற பீரையும் நான் பரிந்துரைக்க மாட்டேன், ஏனெனில் நொதித்துச் சிதைந்த புரதத்தைச் சோதனையில் துல்லியமாக அளப்பது கடினம். சோளம், அரிசி போன்றவற்றில் செய்து, சான்று பெற்ற பீர் கிடைத்தால் வாங்குங்கள். ஐஸ்கிரீமில் பிஸ்கட் துண்டுகள், மால்ட் கலந்த வகைகளைத் தவிருங்கள். கோதுமைக் கூம்பில் கொடுக்காமல் கிண்ணத்தில், அவர்களுக்கென்று திறந்த புது டப்பாவில் இருந்து, கழுவிய கரண்டியால் எடுத்துக் கொடுங்கள்.