நட்டுக்கும் ஒரு பொட்டு: காட்டு வண்டிகளின் சஸ்பென்ஷன் போல்ட் பற்றிக் கேள்வி பதில்

மதுரை நத்தம் ரோட்டில் சின்னதாக ஒரு பட்டறை வைத்திருக்கிறேன். மேலூர் குவாரி டிப்பர், சிறுமலைத் தோட்ட ஜீப், ஞாயிற்றுக்கிழமை மட்டும் சேற்றைப் பார்க்கிற மஹிந்திரா தார் ஜீப், எல்லாம் வரும். சஸ்பென்ஷன் என்றால் சக்கரத்துக்கும் வண்டியின் சட்டமான சாஸிக்கும் நடுவே குலுக்கலைத் தாங்குகிற அமைப்பு. அதன் போல்ட் பற்றி வந்த கேள்விகளுக்கு மொத்தமாக இங்கே பதில் சொல்கிறேன்.

மேலூர், டிப்பர் ஓட்டுநர்: அண்ணே, தினமும் காலையில் யூ போல்ட் நட்டில் ஸ்பேனரைப் போட்டு ஒரு இழு இழுத்துவிட்டுத்தான் கிளம்புகிறேன். அப்படியும் போல்ட் ஒடிந்துகொண்டே இருக்கிறது. ஏன்?

அந்த ஒரு இழுதான் காரணமாக இருக்கும் தம்பி. யூ போல்ட் என்பது ஸ்பிரிங் பட்டைகளைச் சக்கர அச்சான ஆக்சிலோடு சேர்த்துக் கட்டுகிற U வடிவப் போல்ட். போல்ட் ஆணி மாதிரி குறுக்கே நின்று சுமை தாங்குகிற சாமான் இல்லை. நட்டை முறுக்கும்போது அது இம்மியளவு நீள்கிறது. திரும்பச் சுருங்கப் பார்க்கிற அந்த விசையில்தான் பட்டையும் ஆக்சிலும் நெருக்கிப் பிடித்து நிற்கின்றன. சுமையைத் தாங்குவது அந்த நெருக்கத்தில் உண்டாகிற உராய்வு. ஸ்பேனரில் குழாயைச் சொருகி தினமும் இழுத்தால், ஒரு கட்டத்துக்கு மேல் போல்ட் நீண்டது நீண்டதுதான். மரைக்குப் பக்கத்தில் இடுப்பு மாதிரி மெலியும். பிறகு எவ்வளவு முறுக்கினாலும் பிடி நிற்காது. அதற்காக லூசாக விட்டாலும் ஆபத்து. குழிக்குக் குழி வளைந்து நிமிர்ந்து, கட்டுக்கம்பியை மடக்கி மடக்கி ஒடிப்போமே, அப்படி ஒடியும்.

காலையில் ஸ்பேனரை எடுக்காதீர்கள், டார்ச்சை எடுங்கள். வாசரைச் சுற்றிச் செம்பழுப்பாக ஒரு கோடு ஒழுகியிருக்கிறதா பாருங்கள். நம்ம பக்கத்துச் செம்மண்ணில் இது ஏமாற்றும். துணியால் துடைத்துவிட்டு மறுநாள் பாருங்கள். மற்ற இடமெல்லாம் வெறும் தூசியாக இருந்து, நட்டுக்கு அடியிலிருந்து மட்டும் கோடு திரும்ப வந்தால், உள்ளே இரும்போடு இரும்பு அரைபடுகிறது என்று அர்த்தம். வாசர் ஓரத்தில் பெயிண்ட் போய்ப் பிறை மாதிரி பளபளவென்று தெரிந்தாலும் அதே வியாதிதான்.

அப்புறம் பொட்டு. சரியான அளவுக்கு முறுக்கி முடித்ததும் போல்ட் நுனியில் தொடங்கி நட்டு வழியாக அடித்தட்டு வரை வெள்ளை பெயிண்டில் ஒரே கோடு போட்டுவிடுங்கள். கோடு முறிந்திருந்தால் நட்டு திரும்பியிருக்கிறது. பெயிண்ட் இல்லையென்றால் வீட்டில் நெயில் பாலிஷ் கேளுங்கள், திட்டு விழுந்தால் நான் பொறுப்பில்லை.

உசிலம்பட்டி: புதுப் பட்டை செட் போட்டேன். 500 கிலோமீட்டர் ஓட்டிவிட்டுத் திரும்ப வரச் சொல்கிறார்கள். இது காசு பிடுங்குகிற வேலையா?

இல்லை, போங்கள். பொட்டுக்கோடு நேராக இருந்தும் பிடி தளருகிற சந்தர்ப்பம் இது. பட்டைகளுக்கு நடுவே இருக்கிற பெயிண்ட், துரு, தூசி எல்லாம் சுமையில் நசுங்கி உட்காரும். நட்டு துளிகூடத் திரும்பாமலே நெருக்கம் குறைந்துவிடும். அதனால் 500லிருந்து 1,000 கிலோமீட்டருக்குள் ஒருமுறை, சக்கரங்கள் தரையில் நிற்கும்போது, நாலு நட்டையும் குறுக்காக மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும். ஒன்றை முழுக்க முறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் தட்டு சாய்ந்து உட்காரும்.

சிறுமலை, தோட்டம் வைத்திருக்கும் ஒரு அக்கா: காலியாகப் போனால் வண்டி நேராகப் போகிறது. வாழைத்தார் ஏற்றி இறங்கும்போது ஒரு பக்கம் ஒதுங்குகிறது. அலைன்மென்ட் பார்த்தாயிற்று, சரியாக இருக்கிறதாம்.

அக்கா, அடுத்த லோடு ஏற்றுவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். ஸ்டியரிங்கை நேராக வைத்து, முன்சக்கர நடுவிலிருந்து பின்சக்கர நடு வரை இரண்டு பக்கமும் நூல் பிடித்து அளந்து பாருங்கள். ஒரு விரல்கடை வித்தியாசம் இருந்தாலும் மலையேற வேண்டாம்.

எனக்கு இது பட்டுத் தெரிந்த பாடம். பல வருடத்துக்கு முன் ஒரு பொலேரோ கேம்பர் பிக்கப்புக்குக் கூடுதலாக ஒரு பட்டை சேர்த்துக் கொடுத்தேன். 500 கிலோமீட்டரில் வரச் சொல்லவில்லை. தப்பு என்னுடையதுதான். ஒரு மாதம் கழித்து, மலையிலிருந்து லோடோடு இறங்கிய வண்டி கொண்டை ஊசி வளைவில் பிரேக் பிடித்ததும் 'டங்' என்று ஒரு சத்தம். டிரைவர் கெட்டிக்காரர், உடனே ஓரம் கட்டிவிட்டார். போய்க் குனிந்து பார்த்தால், இடது பின்சக்கரம் இரண்டு விரல் பின்னால் நகர்ந்து, டயர் தகரத்தில் உரசிக் கருகிய வாசனை.

நடந்தது இதுதான். பட்டைகளைக் கோத்து நிற்கிற சென்டர் போல்ட்டின் தலை, ஆக்சில் மேலுள்ள குழியில் உட்கார்ந்திருக்கும். இடம் மாறாமல் அடையாளம் காட்டுவதுதான் அதன் வேலை, பிடிப்பது யூ போல்ட்டின் வேலை. யூ போல்ட் தளர்ந்ததும் பிரேக்கின் மொத்த இழுப்பும் அந்த விரல் தடிமன் போல்ட் மேல் வந்துவிட்டது. கழற்றிப் பார்த்தபோது ஒடிந்த முகத்தில் பாதி மழமழவென்று, சிப்பி ஓட்டு வரி மாதிரி கோடு கோடாக இருந்தது. மீதிப் பாதி சொரசொரவென்று புதிதாக மின்னியது. கோடு விழுந்த பாதி பல நாளாக விரிந்துகொண்டே வந்தது. சொரசொரப்பான பாதிதான் அன்றைக்கு ஒடிந்தது.

தேனி, தார் வைத்திருப்பவர்: பின்பக்க ஆர்ம் புஷ் (ஆக்சிலைப் பிடிக்கிற கைகளின் முனையில் இருக்கிற ரப்பர் உருளை) எல்லாம் புதிதாக மாற்றினேன். ஆறே மாதத்தில் ரப்பர் கிழிந்துவிட்டது. டூப்ளிகேட்டா?

இருக்கலாம். ஆனால் முதலில் ஒன்று சொல்லுங்கள், ஜாக்கியில் தொங்கவிட்டபடியே போல்ட்டை முழுசாக முறுக்கினார்களா? சக்கரம் தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் அந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். கீழே இறக்கியதும் நிற்கும்போதே முறுக்கிக்கொண்டு நிற்கும், ஓடும்போது இன்னும் முறுக்கும். நல்ல ரப்பரும் கிழியும். கையால் நட்டைச் சேர்த்துவிட்டு, வண்டியை இறக்கி, முன்னும் பின்னும் உருட்டி, குலுக்கிவிட்டு, அப்புறம்தான் கடைசி முறுக்கு.

கப்பலூர்: கழற்றிய யூ போல்ட்டையே திரும்பப் போடலாமா? கடையில் வாங்குவதை எப்படிப் பார்த்து வாங்குவது? நட்டை வெல்டு வைத்துவிட்டால் கழலாதே?

யூ போல்ட் ஒருமுறை நீண்டது, புதிதாகவே போடுங்கள். நைலான் வளையம் வைத்த நட்டும் அப்படித்தான், கழற்றினால் தூக்கிப் போட வேண்டியது.

அறுகோணத் தலை வைத்த போல்ட்டாக இருந்தால் தலையில் எண் இருக்கும். 8.8 என்றால் முதல் 8, சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 80 கிலோ இழுவையில் அறும் என்பது. அடுத்த 8, அதில் 80 சதவீதம் வரை இழுத்தாலும் பழைய நீளத்துக்குத் திரும்பும் என்பது. சில இடங்களில் 10.9 இருக்கும். கழற்றியதில் என்ன எண் இருந்ததோ அதையே வாங்குங்கள். தலையில் எண்ணே இல்லாத போல்ட் கேட்டுக்கும் ஷெட்டுக்கும் சரி, வண்டிக்கு வேண்டாம்.

வெல்டு வைக்கிற யோசனையை விட்டுவிடுங்கள். பதப்படுத்திய இரும்பு சூட்டில் பதம் கெட்டுப்போகும், வெல்டுக்குப் பக்கத்திலேயே ஒடியும்.

திருமங்கலம்: மரையில் கிரீஸ் தடவலாமா?

கம்பெனி சொல்கிற முறுக்கு அளவு காய்ந்த மரைக்கு என்றால் தடவாதீர்கள். உராய்வு குறைவதால் அதே முறுக்கில் போல்ட் கூடுதலாக இழுபடும். வயர் பிரஷ் போட்டால் போதும்.

அலங்காநல்லூர்: என் வண்டி 60ஐத் தாண்டும்போது ஒரு பள்ளத்தில் விழுந்தால் ஸ்டியரிங் பேய் பிடித்த மாதிரி ஆடுகிறது. வீல் பேலன்ஸ் செய்துவிட்டேன்.

முன் ஆக்சில் ஒரே கட்டையாக இருக்கிற வண்டிகளில் வருகிற ஆட்டம் இது. ஆக்சிலை இடவலமாக நகராமல் பிடிக்க, சாஸியிலிருந்து குறுக்காக ஒரு ராடு வரும். அதன் இரண்டு முனை போல்ட்டுகளையும் முதலில் பாருங்கள். சமதரையில் ஹேண்ட் பிரேக் போட்டு, எஞ்சினை ஓடவிட்டு, ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கை இடம் வலமாகச் சின்னச் சின்னதாக அசைக்கட்டும். நீங்கள் வெளியே எட்ட நின்று டார்ச் அடித்துப் பாருங்கள், அடியில் கை விட வேண்டாம். ராடு அசைந்து பிராக்கெட் அசையவில்லை என்றால் அங்கேதான் ஆட்டம். போல்ட்டைக் கழற்றி ஓட்டையைப் பாருங்கள். வட்டம் போய் முட்டை வடிவமாகியிருந்தால் எவ்வளவு முறுக்கினாலும் நிற்காது, பிராக்கெட்டைத்தான் சரி செய்ய வேண்டும். அதுவரை 40ஐத் தாண்டாதீர்கள்.

வாடிப்பட்டி: டார்க் ரெஞ்ச் (குறித்த அளவுக்கு முறுக்க உதவுகிற ஸ்பேனர்) சொந்தமாக வாங்க வேண்டுமா?

வண்டி ஒன்றுதான் என்றால் பட்டறையில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கழற்றுவதற்கு அதைப் பயன்படுத்தாதீர்கள், வேலை முடிந்ததும் அளவைக் குறைத்து வைத்துத் திருப்பிக் கொடுங்கள். என்னிடம் வாங்கிப்போனவர்களில் இரண்டு பேர் இன்னும் கொடுக்கவில்லை.